செவன் கிங்ஸிலிருந்து ஒரு அக்கா

லண்டன் தமிழ் வானொலியில் யாருக்கும் பெயர் கிடையாது. நிகழ்ச்சிக்குத் தொலைபேசி எடுத்துப் பேசுபவர் தன் பெயரைச் சொன்னாலும் அறிவிப்பாளர் அதை வாங்கிக்கொள்ள மாட்டார். எங்கேயிருந்து என்று கேட்பார், குரலை வைத்து வயதைக் கணக்குப் போடுவார், அவ்வளவுதான். வெம்பிளி மாமி, டூட்டிங் தம்பி, ஈஸ்ட்ஹாம் ஐயா. வெம்பிளியில் மாமிமார் தெருவுக்குத் தெரு இருக்கலாம், வானொலியில் ஒருத்திதான். அவரோடு போட்டிக்கு வேறொருத்தி எடுத்தால் "வெம்பிளியிலிருந்து இன்னொரு மாமி" என்று இரண்டாம் தரமாக்கி விடுவார்கள்.

நான் செவன் கிங்ஸ் அக்கா. எனக்கு முன்பு அங்கேயிருந்து யாரும் எடுத்ததில்லை. நான் எடுக்கத் தொடங்கிய பிறகு எடுக்க யாருக்கும் துணிவு வரவில்லை என்று என் கணவர் பகிடி பண்ணுவார். கடையில் வெண்டிக்காய் முறித்துப் பார்த்துக்கொண்டு நிற்கும்போது யாராவது என் குரலைக் கேட்டுத் திரும்பி, "நீங்கள் செவன் கிங்ஸ் அக்காவோ?" என்பார்கள். உள்ளுக்குள் பெருமையாகத்தான் இருக்கும். இல்லையென்று பொய் சொல்ல மாட்டேன்.

அப்போது இல்ஃபோர்டில் ஒரு சலவைக் கடையில் வேலை. பின்னறையில் நின்று சேர்ட்டுகளை அயர்ன் பண்ணுவது என் பங்கு. கடை முதலாளி குஜராத்திக்காரர், நல்ல மனிதர், தமிழ் விளங்காது. அதனால் நாள் முழுக்கத் தமிழ் வானொலியை ஓடவிட்டால் ஒன்றும் சொல்ல மாட்டார். காலையில் பக்திப் பாட்டு, பிறகு மரண அறிவித்தல், பிறகு பிறந்தநாள் வாழ்த்து, பிறகு நகைக்கடை விளம்பரம். ஞாயிறு பின்னேரம் வீட்டில் இருந்து கேட்பது மாஸ்டரின் நிகழ்ச்சி.

மாஸ்டர் ஊரில் ரியூசன் கொடுத்தவர். லண்டனில் அரசியல் ஆய்வாளர். ஆய்வு என்ற சொல்லைக் கேட்டு அமைதியான மனிதர் என்று நினைக்கக்கூடாது. அவர் வாயைத் திறந்தால் யாராவது ஒருவருக்குச் சுடும். பெண் பிள்ளை பெரியபிள்ளையான சாமத்திய வீட்டுக்குக் குதிரை வண்டி பிடிக்கிறவர்களைப் பேசுவார். கோயில் கட்டிக் கோயில் பிரிக்கிறவர்களைப் பேசுவார். பேசுகிற இடையில் தேத்தண்ணியை உறிஞ்சுவார், அதுவும் ஒலிபரப்பாகும். நிறுத்தச் சொல்லிக் கடிதம் போட்டவர்களும் அவர் நிகழ்ச்சி ஒன்றைத் தவற விட்டதில்லை.

அவரைத் தலையில் தூக்கி வைத்து ஆடியவர் என் அண்ணை. அண்ணை குட்மேய்ஸில் இருந்தார், எங்கள் வீட்டிலிருந்து ரயிலில் அடுத்த ஸ்டேசன். என்னை லண்டனுக்குக் கூப்பிட்டவரும் அவர்தான், கலியாணம் செய்து வைத்தவரும் அவர்தான். அண்ணை ஒரு நாளும் வானொலிக்குத் தொலைபேசி எடுத்தவரில்லை. எடுப்பவர்களைக் கண்டாலே அவருக்குச் சிரிப்பு. "நீ இண்டைக்கு என்ன உளறினனி?" என்று திங்கட்கிழமைகளில் கேட்பார். ஆனால் மாஸ்டர் சொன்னதென்றால் அவருக்கு அதற்கு மேல் பேச்சில்லை.

எங்களுக்குக் கீழே ஒரு தங்கச்சி. அவள் வரவில்லை. வன்னியில் கலியாணம் கட்டி அங்கேயே இருந்துவிட்டாள். 2009ஆம் ஆண்டு பிறந்தபோது அவள் இரண்டு பிள்ளைகளோடு சண்டைக்குள் நின்றாள். ஓரிடத்தில் நின்றாள் என்றும் சொல்ல முடியாது. தறப்பாள் கூடாரத்தைக் கழற்றிக்கொண்டு இன்றைக்கு ஓரிடம், நாளைக்கு ஓரிடம்.

அந்த மாரியும் வசந்தமும் நாங்கள் எல்லோரும் வெஸ்ட்மின்ஸ்டரில், பாராளுமன்றத்துக்கு முன்னால், போராட்டத்தில்தான் கிடந்தோம். அண்ணை குட்மேய்ஸிலிருந்து ஆட்களை ஏற்றிப்போகக் கோச் பஸ் ஒழுங்கு பண்ணுவார். நானும் வேலை முடித்துப் போய், நனைந்த சப்பாத்தோடு நிலத்தில் இருந்து கத்திவிட்டு வருவேன். இதைச் சொல்வதற்குக் காரணம் உண்டு. பிறகு என்னைப் பற்றிச் சொல்லப்பட்ட கதைகளில் நான் அங்கே போகவேயில்லை.

ஒரு ஞாயிறு மாஸ்டர் தேத்தண்ணி உறிஞ்சாமல் பேசினார். குரல் வேறு மாதிரி இருந்தது. "சனம் நடுவிலை நிக்குது. அதுக்கு வழி விட வேணும். அந்தப் பக்கத்தை மட்டும் கேக்கேல்லை, இந்தப் பக்கத்தையும் சேர்த்துத்தான் கேக்கிறன். வெளியிலை வர விரும்பிற சனத்தை வர விடுங்கோ" என்றார். இந்தப் பக்கம் என்றது இயக்கத்தை என்று கேட்டவர்கள் எல்லோருக்கும் விளங்கியது.

நான் அடுப்பை நிறுத்திவிட்டுத் தொலைபேசியை எடுத்தேன். யோசித்திருந்தால் எடுத்திருக்க மாட்டேனோ என்னவோ, யோசிக்கவில்லை. என் முறை வந்ததும் சொன்னேன்: "மாஸ்டர் சொன்னதைத்தான் நானும் சொல்லுறன். என்ரை தங்கச்சி ரெண்டு பிள்ளையளோடை உள்ளுக்கை நிக்கிறாள். அவளை வெளியிலை விடச் சொல்லி ரெண்டு பக்கத்தையும் கும்பிட்டுக் கேக்கிறன்."

எனக்குப் பிறகு வந்த அழைப்புகள் எல்லாம் திட்டுத்தான். துரோகி என்ற சொல்லை ஆளுக்கு ஒரு தடவையாவது சொன்னார்கள். அன்று நிகழ்ச்சியைப் பாதியில் நிறுத்திப் பாட்டுப் போட்டார்கள். அடுத்த ஞாயிறு மாஸ்டர் இல்லை, அதற்கடுத்த ஞாயிறும் இல்லை. ஒருவரும் காரணம் சொல்லவில்லை, சொல்லத் தேவையும் இருக்கவில்லை.

நான் பேசிய அந்த ஞாயிறு பின்னேரம் அண்ணை வீட்டுக் கூடத்தில் அடுத்த நாள் கோச் விசயம் கதைக்க ஆட்கள் வந்திருந்தார்களாம். தொலைக்காட்சிப் பெட்டியில், சற்றலைட் வழியாக, வானொலி போய்க்கொண்டிருந்ததாம். முதலில் மாஸ்டர் சொன்னதையும், பிறகு நான் சொன்னதையும் எல்லோரும் ஒன்றாக இருந்து கேட்டார்களாம். என் குரல் வந்ததும் எல்லோரும் அண்ணையைத் திரும்பிப் பார்த்தார்களாம். இதெல்லாம் அண்ணையின் மனைவி, என் மச்சாள், பிறகு எனக்குச் சொன்னது.

அண்ணை என்னைக் கூப்பிட்டுப் பேசவில்லை. பேசியிருந்தால் நானும் திருப்பிப் பேசியிருப்பேன், அதோடு முடிந்திருக்கும். அவர் என்னோடு கதைப்பதையே நிறுத்திவிட்டார், அவ்வளவுதான். தொலைபேசியில் என் எண்ணைப் பார்த்தால் எடுக்க மாட்டார். ரயில் மேடையில் கண்டால் தள்ளிப் போய் வேறு பெட்டியில் ஏறுவார். ஒரு செத்தவீட்டில் அவருக்கு நேரே போய் நின்று "அண்ணை" என்றேன். பக்கத்தில் நின்றவரிடம், கார் எங்கே விட்டிருக்கிறீர்கள் என்று கேட்டுக்கொண்டு போய்விட்டார். அன்று செத்தவருக்கு அழுவதுபோல் நன்றாக அழுதேன்.

மே மாதத்தோடு எல்லாம் முடிந்தது. அதைப் பற்றி நான் எழுதப் போவதில்லை. தங்கச்சி பிள்ளைகளோடு உயிரோடு வெளியே வந்தாள், கணவர் வரவில்லை. அவளை ஒரு முகாமில் அடைத்து வைத்தார்கள். அங்கே யாரிடமோ ஒளித்து வைத்த கைத்தொலைபேசி ஒன்று இருந்தது. சனிக்கிழமைகளில் அவள் ஒரு தரம் மணி அடிக்கவிட்டு வைத்துவிடுவாள், நான் தொலைபேசிக் கார்ட் போட்டுத் திருப்பி எடுப்பேன். தண்ணிக்கு நின்ற வரிசை, சின்னவனின் சொறி, கூடாரத்துக்குள் வெள்ளம், இதெல்லாம் சொல்லிவிட்டுக் கடைசியில் கேட்பாள்: "அக்கா, அண்ணை ஏன் என்னோடை கதைக்கிறேல்லை?"

"ஷிப்ட் மாறி மாறி வருதடி. அவருக்கு நேரமில்லை" என்பேன். அந்த எண்ணை மச்சாளிடம் எழுதிக் கொடுத்திருந்தேன். அண்ணை எடுக்கவில்லை. என் மேல் உள்ள கோபத்தை அவள் மேல் காட்டுகிறாரே, நான் கூப்பிடுகிற எண்ணைத் தொட்டால் கை அழுகிவிடுமா என்று எனக்குக் கொதித்துக்கொண்டு வரும். அண்ணையை என்னோடு கதைக்க வைத்துவிட்டால் அவளோடும் கதைப்பார். அதற்கு மாஸ்டரை விட்டால் வழியில்லை என்று எனக்குப் பட்டது.

மாஸ்டர் அந்த மாதங்களில் ஆளே இறங்கிப்போனார். முன்பு அவர் வந்தால் கதிரை இழுத்துப் போட்டவர்கள் தெருவின் மறுபக்கம் போனார்கள். அவர் சேர்ட்டுகளை எங்கள் கடையில்தான் கொடுப்பார். கொடுக்க வந்தால் போக மாட்டார். கவுண்டரில் சாய்ந்துகொண்டு, நாட்டு நிலைமையெல்லாம் எனக்கு ஒருத்திக்கு ஆய்வு செய்வார். நானும் நீராவிக்குள் நின்று ஓம் ஓம் என்பேன். கொலருக்கு எல்லோருடையதை விடவும் கூடுதலாக நேரம் எடுத்து அயர்ன் பண்ணிக் கொடுப்பேன். எங்கள் இருவரையும் ஒரே வசனத்துக்காகத்தானே தள்ளி வைத்திருக்கிறார்கள் என்ற ஒட்டு. வீட்டுக்கும் வந்து புட்டுச் சாப்பிட்டிருக்கிறார். "உம்மடை கறிக்குள்ளைதான் பிள்ளை இப்ப எனக்கு மரியாதை இருக்குது" என்று சொல்லிச் சிரிப்பார்.

இலையுதிர் காலத்தில் ஒரு நாள் நிமிர்ந்துகொண்டு வந்தார். "திரும்பி வாறன்" என்றார். முன்னைய மாதிரி லண்டனுக்கு மட்டும் இல்லையாம். அவர் லண்டனில் இருந்து பேசுவதைப் பாரிஸ், சூரிச், ஒஸ்லோ, டொரொன்டோ என்று அங்கங்கே உள்ள தமிழ் வானொலிகளும் அதே நேரத்தில் வாங்கி ஒலிபரப்பப்போகின்றனவாம். சண்டை முடிந்து எல்லோரும் இடிந்துபோய் இருக்கிறார்கள், விளக்கம் சொல்ல ஆள் வேண்டும், கடைசியில் தன்னைத்தான் தேடி வந்திருக்கிறார்கள் என்றார். அவர் முகத்தைப் பார்க்க எனக்குக் கண் நிறைந்துவிட்டது.

"மாஸ்டர், எனக்கு ஒண்டு செய்ய வேணும்" என்றேன். "நீங்கள் அண்டைக்குச் சொன்னது சரியெண்டு முதல் நாளே சொல்லுங்கோ. நான் சொன்னதும் பிழையில்லை எண்டு சொல்லுங்கோ. எங்கடை அண்ணை கேப்பார். நீங்கள் சொன்னா அவர் இறங்கி வருவார்."

"இதென்ன பிள்ளை, நீர் கேக்க வேணுமே? செவன் கிங்ஸ் அக்கா எண்டு உம்மைச் சொல்லியே சொல்லுவன்" என்றார்.

நான் அன்றைக்கே மச்சாளுக்கு எடுத்தேன். "ஞாயிறு அண்ணையை எங்கையும் போக விடாதேங்கோ, றேடியோவைப் போட்டுவிட்டு முன்னாலை இருத்துங்கோ" என்றேன். ஏன் என்று மச்சாள் கேட்டார். "கேக்கட்டும், விளங்கும்" என்றேன். என்ன ஒரு துள்ளல் எனக்கு. தங்கச்சிக்குக்கூட அந்தச் சனி, "அடுத்த கிழமை அண்ணையின்ரை குரலைக் கேப்பாய், பார்" என்று சொல்லிவிட்டேன்.

ஞாயிறு வந்தது. வடை சுட்டேன். கணவர் பெற்றோல் நிலையத்தில் ஷிப்டுக்குப் போகாமல் பக்கத்தில் வந்து இருந்தார். அறிவிப்பாளர் நீண்ட இடைவெளி என்றார், நேயர்களின் வேண்டுகோள் என்றார், நாடுகளை ஒவ்வொன்றாகச் சொல்லி வணக்கம் வைத்தார். பிறகு மாஸ்டரின் அந்தப் பழைய செருமல்.

"முதலிலை ஒரு விசயம் சொல்லிப்போட்டுத்தான் மற்றதுக்கு வாறன்" என்றார். நான் கணவரின் கையைப் பிடித்துக்கொண்டேன்.

"அண்டைக்கு நான் கதைச்சது பிழை. அந்த நாளையிலை எனக்குச் சில பேர் போன் எடுத்து அழுதவை. செவன் கிங்ஸிலை இருந்து ஒரு அக்கா. தன்ரை சகோதரம் உள்ளுக்கை எண்டு ஒரே அழுகை. நானும் மனுசன்தானே. ஒரு பொம்பிளைப்பிள்ளையின்ரை கண்ணீருக்கு இரங்கி அப்பிடிச் சொல்லிப்போட்டன். ஒருத்தரின்ரை சொந்தத் துக்கத்தைப் பொது விசயத்துக்குள்ளை கொண்டு வந்தது என்ரை பிழை. உலகமெங்கும் கேட்டுக்கொண்டிருக்கிற உறவுகள் என்னை மன்னிக்க வேணும்."

பிறகு தேத்தண்ணி உறிஞ்சுகிற சத்தம்.

நான் அவருக்கு எடுத்து அழுததே இல்லை. அந்த ஞாயிறுக்கு முன்பு அவருடைய எண்ணே என்னிடம் இருந்ததில்லை. அவர் சொன்னார், அவர் சொன்னது சரியென்று நான் சொன்னேன். அந்த இரண்டையும் மாற்றிப் போட்டுவிட்டார். என் வீட்டில் சாப்பிட்ட வாயாலே சொன்னார். எனக்குக் கோபம் வருவதற்கு முன்பு வெட்கம் வந்தது. கோப்பையை நிலத்தில் அடிக்க வேண்டும் போல இருந்தது, அடிக்கவில்லை. தொலைபேசியைத்தான் எடுத்தேன்.

உடனே கிடைத்தது. கலையகத்துப் பெண் பிள்ளை, "லைனிலை நில்லுங்கோ, முன்னுக்கு ஒராள் நிக்கிறார். உங்கடை றேடியோவைக் குறைச்சு விடுங்கோ" என்றாள். கணவர் சத்தத்தைக் குறைத்தார். வரிசையில் நிற்கும்போது நிகழ்ச்சி தொலைபேசிக்குள்ளேயே கேட்கும். அறிவிப்பாளர் சொன்னார்: "முதல் நேயர் எங்களோடை இணைஞ்சிருக்கிறார். குட்மேய்ஸிலை இருந்து ஒரு அண்ணை. வணக்கம் அண்ணை."

"வணக்கம் மாஸ்டர்" என்றது குரல்.

மாதக்கணக்காக நான் கேட்காத குரல். காதோடு ஒட்டி, பக்கத்தில் நின்று பேசுவதுபோல் கேட்டது. ஒரு நாளும் வானொலிக்கு எடுக்காத மனிதர்.  எனக்காகத்தான் எடுத்திருக்கிறார் என்று நினைத்தேன். நடந்த ஒழுங்கு அவருக்குத் தெரியும், மாஸ்டர் முதலில், நான் பிறகு. கூடத்தில் இருந்து கேட்டவர்தானே. இப்போது மாஸ்டரிடம் அதைக் கேட்கப்போகிறார் என்று காத்து நின்றேன்.

"பிழை விடாத மனுசர் இல்லை மாஸ்டர்" என்றார் அண்ணை. "ஆக்கள் அழுதா எங்களுக்கும் மனம் இளகும்தானே. நீங்கள் பெருந்தன்மையாய் அதை ஒத்துக்கொண்டிட்டியள். நாங்கள் மன்னிச்சிட்டம். பழசை மறப்பம். நீங்கள் திரும்பி வந்ததுதான் இப்ப எங்களுக்குப் பலம்."

"நன்றி அண்ணை, நெஞ்சு நிறைஞ்ச நன்றி" என்றார் மாஸ்டர்.

பெண் பிள்ளை திரும்ப வந்தாள். "அடுத்தது நீங்கள்தான் அக்கா. எங்கையிருந்து கதைக்கிறியள்?"

"செவன் கிங்ஸ்" என்றேன்.

 அவள் தொலைபேசியின் வாயைப் பொத்திக்கொண்டு யாரிடமோ கேட்பதுபோல் இருந்தது. "ஒரு நிமிசம் அக்கா, லைனிலை நில்லுங்கோ" என்றாள். நின்றேன். பாரிஸிலிருந்து ஒரு அக்கா மாஸ்டரை வாழ்த்தினார். சூரிச்சிலிருந்து ஒரு ஐயா வாழ்த்தினார். டொரொன்டோவிலிருந்து ஒரு தம்பி, கண்ணீருக்கு இடம் கொடுத்தால் இனம் உருப்படாது என்று பெரிய பிரசங்கம் வைத்தான். நகைக்கடை விளம்பரம் வந்தது. நன்றி வணக்கமும் வந்தது. கணவர்தான் என் கையிலிருந்து தொலைபேசியை வாங்கி வைத்தார்.

மாஸ்டருக்கு ஒரு தைரியம் பாருங்கள், அந்தக் கிழமையே சேர்ட்டுகளோடு கடைக்கு வந்தார். பையைக் கவுண்டரில் வைத்துவிட்டு, "நான் உம்மடை பேர் சொல்லேல்லையே பிள்ளை" என்றார், நான் வாய் திறப்பதற்கு முன்பே.

"செவன் கிங்ஸிலை எத்தினை அக்கா மாஸ்டர்?" என்றேன்.

"பாரிஸ்காரருக்கும் சுவிஸ்காரருக்கும் அது ஆரெண்டு தெரியுமே? மன்னிப்புக் கேளாட்டி அவை நிகழ்ச்சியை எடுக்க மாட்டினமாம். நான் என்ன செய்ய?"

"மன்னிப்புக் கேக்கச் சொன்னவை. என்னைச் சொல்லச் சொல்லியும் அவையோ கேட்டவை?"

 பாடம் விளங்காத பிள்ளைக்குச் சொல்வதுபோல் அவர் சொன்னார்: "ஏன் சொன்னனான் எண்டதுக்கு ஒரு காரணம் வேணும்தானே, பிள்ளை."

கழுத்தறுப்பதையும் இவ்வளவு மரியாதையாகச் செய்ய முடியுமென்று அன்றுதான் தெரிந்துகொண்டேன். பையை அவர் பக்கம் தள்ளிவிட்டேன். "வேறை கடை பாருங்கோ" என்றேன். முதலாளிக்குத் தமிழ் விளங்காவிட்டாலும் அது விளங்கிவிட்டது. கதவைத் திறந்து பிடித்தார்.

மாஸ்டரைக்கூட விடலாம். அவர் யாரோ, நான் யாரோ. அண்ணை செய்ததுதான் எனக்கு இறங்கவில்லை. இல்ஃபோர்டில் மச்சாளைக் கண்டபோது மறித்துக் கேட்டேன். "ஆர் முதல் சொன்னதெண்டு அண்ணைக்குத் தெரியும்தானே?"

"தெரியும்" என்றார் மச்சாள்.

"பிறகு ஏன்?"

மச்சாள் நல்லவர், என் முகத்தைப் பார்க்காமல்தான் சொன்னார். "மாஸ்டர் மன்னிப்புக் கேட்டிட்டாராம். நீர் இன்னும் கேக்கேல்லையாம்."

நான் எதற்கு மன்னிப்புக் கேட்க வேண்டும்? கூடப் பிறந்தவள் உயிரோடு வர வேண்டுமென்று சொன்னதற்கா? அவள் வந்துவிட்டாள் என்பதற்கா? மச்சாளிடம் அதைக் கேட்டு என்ன பயன். சாமான் பையைத் தூக்கிக்கொண்டு வந்துவிட்டேன்.

சனிக்கிழமை வழக்கம்போல் தொலைபேசி ஒரு தரம் மணி அடித்து நின்றது. கார்டைச் சுரண்டி எடுத்தேன். தங்கச்சி அன்று தண்ணியையும் சொல்லவில்லை, சொறியையும் சொல்லவில்லை.

"அண்ணையோடை கதைச்சனீங்களோ?" என்றாள்.

போன கிழமை நானே கிளப்பிவிட்ட ஆசை. என்ன சொல்வது? "குரல் கேட்டனான். நல்லாய்த்தான் இருக்கிறார்" என்றேன்.

"என்ன சொன்னவர்?"

"பழசை மறப்பமாம்" என்றேன். "மன்னிச்சிட்டாராம்."

 பின்னால் பிள்ளைகள் ஏதோ சண்டை பிடிப்பது கேட்டது. 

"என்னையோ, அக்கா?" என்றாள். "நாங்கள் வெளியிலை வந்ததுக்கு அண்ணை கோபம் எண்டு எனக்கு முந்தியே தெரியும். என்னை மன்னிச்சிட்டாராமோ?"

அந்த வருசம் முழுவதும் அவள் குரலில் நான் அப்படி ஒரு சந்தோசத்தைக் கேட்டதில்லை. ஓம் என்றேன்.